வெடிமருந்துக்கு ஒரு சட்டம், டேட்டாவுக்கு ஒரு சட்டம்

இது எபிசோடோட எழுத்து வடிவம். பேச்சுல வந்த 'ஆக்சுவலி', 'பேசிக்கலி' எல்லாத்தையும் வெட்டியாச்சு. மத்தபடி பேசினது பேசினபடியே இருக்கு.

இன்னைக்கு ஒரு கேள்வி. நீங்க ஒரு ஹெல்த் இன்சூரன்ஸ் பாலிசி எடுக்கறீங்க. ஆதார் நகல், பான் எண், வீட்டு முகவரி, சுகர் இருக்கா, பிரஷர் இருக்கா, போன வருஷம் என்ன ஆபரேஷன், எல்லாத்தையும் எழுதிக் குடுக்கறீங்க. ஒருநாள் அது அத்தனையும் வெளிய போயிடுது. யார் பொறுப்பு? பணம் கட்டணும்னா யார் கட்டணும்? அந்தப் பணம் யார் கைக்குப் போகணும்?

முதல் ரெண்டு கேள்விய எல்லாரும் கேட்கறாங்க. மூணாவதைக் கேட்கறவங்க குறைவு. நான் பேக்எண்ட் எழுதிச் சம்பாதிக்கறவன், வக்கீல் இல்ல. ஆனா மூணாவது கேள்விக்குப் பதில் தேடிப் போனப்போ, அது என்னை எங்க விருதுநகர் மாவட்டத்துக்கே கொண்டுவந்து விட்டுச்சு. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் இதே கேள்விய வெடிமருந்து விஷயத்துல கோர்ட் முன்னாடியே கேட்டு, ஒரு பதிலும் சொல்லியிருக்கு. அந்தப் பதிலையும் டேட்டாவுக்கு இன்னைக்குக் கிடைக்கற பதிலையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்கறதுதான் இந்த எபிசோட்.

2024: டெலிகிராமில் ஒரு சாட்பாட்

முதல்ல சம்பவம். ஸ்டார் ஹெல்த், சென்னையைத் தலைமையிடமாக் கொண்ட கம்பெனி. 2006-ல் ஆரம்பிச்சது. இந்தியாவில் ஹெல்த் இன்சூரன்ஸ் மட்டுமே செய்ய வந்த முதல் தனியார் நிறுவனம். 2024 செப்டம்பர் 20 அன்னைக்கு ராய்ட்டர்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது. டெலிகிராமில் ஒரு சாட்பாட் இருக்கு, கேட்டா ஸ்டார் ஹெல்த் வாடிக்கையாளர்களோட ஆவணங்களை எடுத்துக் குடுக்குதுன்னு. பெயர், போன் நம்பர், முகவரி, வரி விவரம், அடையாள அட்டை நகல், டெஸ்ட் ரிப்போர்ட், நோய் என்னன்னு டாக்டர் எழுதினது வரைக்கும். ராய்ட்டர்ஸே 1,500-க்கும் மேற்பட்ட ஃபைல்களை இறக்கிப் பார்த்தாங்க.

'ஜென்ஜென்'னு பேர் வச்சுக்கிட்ட ஹேக்கர் சொன்ன கணக்கு: 3.1 கோடி பேரோட டேட்டா, 7.24 டெராபைட். இது அவர் சொன்ன கணக்கு, ஞாபகம் வச்சுக்கோங்க. கம்பெனி முதல்ல, பரவலான பாதிப்பு இல்லை, முக்கியமான டேட்டா பத்திரமா இருக்குன்னு சொன்னது. அடுத்த மாசமே, திட்டமிட்ட சைபர் தாக்குதல் நடந்தது, சில டேட்டா சட்டவிரோதமா எடுக்கப்பட்டதுன்னு ஒத்துக்கிட்டது. 68,000 டாலர் கேட்டு மிரட்டல் மெயில் வந்ததையும் சொன்னது.

கம்பெனி மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்குப் போச்சு. யார் மேல வழக்கு? டெலிகிராம் மேல, கிளவுட்ஃப்ளேர் மேல, அந்த ஹேக்கர் மேல. சாட்பாட்டையும் வெப்சைட்டையும் இந்தியாவில் முடக்கணும்னு கோர்ட் இடைக்கால உத்தரவு போட்டது.

இந்த வழக்குல வாதி யாருன்னு கவனிங்க. கம்பெனி. டெஸ்ட் ரிப்போர்ட் வெளிய போன ஆள் அந்த வழக்குல ஒரு தரப்பே கிடையாது. கம்பெனிக்கு அந்த வழக்குப் போட முழு உரிமை உண்டு, போட்டதும் நல்லதுதான். ஆனா யாரோட ரகசியம் போச்சோ அவங்களுக்கு என்னன்னு அங்க யாரும் கேட்கல.

சிவகாசிக்கு இன்சூரன்ஸ் வந்த கதை

இப்ப பின்னாடி போகலாம். 1920-களின் தொடக்கத்துல அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கத்துக்கிட்டு வந்து சிவகாசியில் ஆரம்பிச்சாங்க. தீப்பெட்டிக்குப் பின்னாடி பட்டாசு, லேபிள் அச்சடிக்கப் போய் பிரிண்டிங். வானம் பார்த்த பூமியில் ஒரு தொழில் நகரம் எழுந்த கதை உங்களுக்குத் தெரியும்.

தொழில் வளர்ந்துச்சு, விபத்தும் வளர்ந்துச்சு. மருந்து வெடிச்சா யார் பொறுப்பு? பழைய பொதுச் சட்ட வழியில் சிவில் கோர்ட்ல நஷ்டஈடு கேட்டா, முதலாளியோட கவனக்குறைவைத் தொழிலாளி நிரூபிக்கணும். தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பார்க்கற ஒரு அக்கா, கை வெந்து ஆஸ்பத்திரில கிடக்கும்போது, மருந்து கலந்த விகிதம் தப்புன்னு எப்படி நிரூபிப்பாங்க? ஆதாரம் அத்தனையும் எரிஞ்சு போயிருக்கும்.

இதை மாத்தினது டெல்லில நடந்த ஒரு சம்பவம். போபால் விஷவாயு விபத்து நடந்து ஒரு வருஷத்துல, 1985 டிசம்பர் 4 அன்னைக்கு, டெல்லி ஸ்ரீராம் ஆலையிலிருந்து ஓலியம் வாயு கசிஞ்சது. வக்கீல் எம்.சி. மேத்தா வழக்கை நடத்தினார். 1986 டிசம்பர் 20-ல் தலைமை நீதிபதி பி.என். பகவதி தலைமையிலான அமர்வு ஒரு புதுக் கொள்கையைச் சொல்லுச்சு. ஆபத்தான பொருளை வச்சு லாபம் பார்க்கற நிறுவனம், அதனால யாருக்குப் பாதிப்பு வந்தாலும் முழுப் பொறுப்பு. நான் ஜாக்கிரதையா இருந்தேன், எவனோ வெளியாள் வந்து செஞ்சான்ங்கற எந்தச் சாக்கும் செல்லாது.

இதுக்கு ஒரு இங்கிலாந்து முன்கதை இருக்கு. 1868-ல் ரைலண்ட்ஸ் எதிர் ஃப்ளெட்சர்னு ஒரு வழக்கு. ஒருத்தர் கட்டின நீர்த்தேக்கத்துத் தண்ணி பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்துல புகுந்துடுச்சு. உன் இடத்துல ஆபத்தானதைச் சேர்த்து வச்சா, அது தப்பி வெளிய போனா நீதான் பொறுப்புன்னு பிரபுக்கள் சபை சொன்னது. ஆனா அதுல பல விதிவிலக்குகள் இருந்துச்சு. நம்ம சுப்ரீம் கோர்ட் அந்த விதிவிலக்கையெல்லாம் எடுத்து எறிஞ்சது.

அதே மேத்தா, சிவகாசி தீப்பெட்டி ஆலைகள்ல குழந்தைகள் வேலை செய்யறதைப் பத்தி 1986-ல் இன்னொரு வழக்குப் போட்டார். 1990 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் உத்தரவு வந்துச்சு. இந்தத் தீப்பெட்டி ஆலைகள்ல வேலை செய்யற ஒவ்வொரு தொழிலாளிக்கும் 50,000 ரூபாய்க்கு இன்சூரன்ஸ் இருக்கணும். பிரீமியத்தை முதலாளிதான் கட்டணும், அதைச் சம்பளத்துல பிடிக்காம வேலை நிபந்தனையாவே சேர்க்கணும். 1996 டிசம்பர் 10 தீர்ப்புல, ஆபத்தான தொழில்ல குழந்தையை வச்சிருந்த முதலாளி ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் கட்டணும்னு சொன்னாங்க. அந்தப் பணம் குழந்தைத் தொழிலாளர் மறுவாழ்வு நிதிக்குப் போய், அந்தக் குழந்தைக்கே பயன்படணும்.

நடுவுல 1991-ல் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. ஆபத்தான பொருளைக் கையாளற யாரும் கட்டாயமா பாலிசி எடுக்கணும். விபத்து நடந்தா, யார் தப்புன்னு கேட்காமலே பாதிக்கப்பட்டவருக்குப் பணம். அப்போ உயிரிழப்புக்கு வச்ச தொகை 25,000 ரூபாய். ரொம்பக் கம்மிதான். ஆனா பணம் போற திசை சரியா இருந்துச்சு.

நடைமுறையில எல்லாம் ஒழுங்கா நடந்ததுன்னு நான் சொல்ல வரல. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி ஆலை விபத்துல 30 பேருக்கு மேல இறந்தாங்க. 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம் விபத்து. லைசென்ஸ் ஒருத்தர் பேர்ல இருக்கும், உள்குத்தகைக்கு எடுத்தவர் இன்னொருத்தரா இருப்பார், அறைக்கு நாலு பேர்ங்கற இடத்துல கூட்டமா உட்கார்ந்து வேலை செய்வாங்க. இழப்பீடு வாங்க ஆபீஸ் ஆபீஸா அலைஞ்ச குடும்பங்களை நம்ம ஊர்ல எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் அச்சங்குளம் விபத்துக்கு அப்புறம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இறந்தவங்க குடும்பத்துக்குத் தலா 20 லட்சம்னு நிர்ணயிச்சப்போ, அடிப்படை 1986-ல் பிறந்த அதே கொள்கைதான். சட்டம் மீறப்படுது. ஆனா யாருக்குப் பணம் சேரணும்ங்கறதுல சட்டத்துக்குக் குழப்பம் இல்ல.

டைரிலேர்ந்து டேட்டாபேஸுக்கு

இப்ப நம்ம இன்சூரன்ஸ் ஏஜென்ட் கிட்ட வருவோம். ஒவ்வொரு ஊர்லயும் ஒரு எல்ஐசி ஏஜென்ட் அண்ணாச்சி இருப்பார். வருஷம் பிறந்தா காலண்டரும் டைரியும் குடுப்பார், அநேகமா சிவகாசில அச்சானது. அவர் கையிலயும் ஒரு டைரி இருக்கும். யார் யாருக்கு எப்ப பிரீமியம், யார் வீட்ல கல்யாணம், யாருக்கு உடம்பு சரியில்ல, எல்லாம் அதுல. அந்த டைரி தொலைஞ்சா ஒரு இருநூறு பேர் கதை வெளிய போகும். அதுக்கு மேல போகாது.

என் தொழில்ல 'பிளாஸ்ட் ரேடியஸ்'னு ஒரு வார்த்தை உண்டு. ஒரு சிஸ்டம் உடைஞ்சா எவ்வளவு தூரத்துக்குச் சேதம் பரவும்ங்கற அளவு. சென்னை, பெங்களூர் ஆபீஸ்ல அதைச் சாதாரணமாச் சொல்லுவோம். சிவகாசிக்காரனுக்கு அது உவமை கிடையாது. வெடிபொருள் விதிகள் அங்க ஒவ்வொரு அறைக்கும் எத்தனை பேர், எத்தனை கிலோ மருந்து, அறைக்கும் அறைக்கும் எவ்வளவு தூரம்னு எழுதி வச்சிருக்கு. ஒரு அறை வெடிச்சா அடுத்த அறைக்குத் தாவக்கூடாது, அதுக்குத்தான் அந்த இடைவெளி. டேட்டாவுக்கு இந்த மாதிரி அளவு சொல்ற சட்டம் நம்மகிட்ட கிடையாது. எத்தனை கோடி பேர் விவரத்தையும் ஒரே இடத்துல குவிச்சு வைக்கலாம்.

டைரி டேட்டாபேஸா மாறினதுல தமிழ்நாட்டுக்கு ஒரு முக்கியமான வருஷம் 2009. ஜூலை 23 அன்னைக்குக் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்குச்சு. வருஷ வருமானம் 72,000 ரூபாய்க்குக் கீழ இருக்கற குடும்பங்கள், தொழிலாளர் நல வாரிய உறுப்பினர்கள், மொத்தம் சுமார் 1 கோடி குடும்பம். உயிர்காக்கும் சிகிச்சைக்கு 1 லட்சம் ரூபாய் வரைக்கும். நடத்த அரசு தேர்ந்தெடுத்த கம்பெனி ஸ்டார் ஹெல்த். 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தப்போ, அது பொதுத்துறை யுனைடெட் இந்தியாவுக்குப் போச்சு.

ஒண்ணு தெளிவாச் சொல்லிடறேன். 2009 திட்டமும் 2024 கசிவும் வேற வேற விஷயம், ரெண்டையும் முடிச்சுப் போடாதீங்க. நான் சொல்ல வர்றது இது: அதுவரைக்கும் இன்சூரன்ஸ்னா மாசச் சம்பளக்காரங்க சமாச்சாரம். 2009-க்கு அப்புறம் கட்டடத் தொழிலாளி, தீப்பெட்டி ஒட்டறவங்க, பட்டாசுக்குத் திரி வைக்கறவங்க எல்லாரோட உடம்பு விவரமும் ஏதோ ஒரு சர்வர்ல ஏற ஆரம்பிச்சது. நல்ல காரணத்துக்காகத்தான். அந்தத் திட்டத்தால பிழைச்சவங்க எங்க தெருவுலயே இருக்காங்க. ஆனா மருந்தைச் சேர்த்து வச்சா வர்ற அதே கேள்வி இங்கயும் வருது. தப்பி வெளிய போனா?

43-ஏ: பதினஞ்சு வருஷத்துக் கதவு

தற்செயலா, அதே 2009-ல்தான் டேட்டாவுக்கும் ஒரு சட்டம் அமலுக்கு வந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்துல 2008 திருத்தம் சேர்த்த 43-ஏ பிரிவு. 2009 அக்டோபர் 27 முதல். அது சொல்றது: முக்கியமான தனிப்பட்ட தகவலை வச்சிருக்கற நிறுவனம், நியாயமான பாதுகாப்பு செய்யறதுல கவனக்குறைவா இருந்து, அதனால ஒருத்தருக்கு நஷ்டம் வந்தா, அந்த நபருக்கு இழப்பீடு குடுக்கணும். 2011 ஏப்ரலில் வந்த விதிகள், மருத்துவ விவரத்தை அந்த 'முக்கியமான' பட்டியல்ல சேர்த்தது.

எங்க போய்க் கேட்கறது? மாநிலத்தோட ஐ.டி. துறைச் செயலாளர்தான் தீர்ப்பு அதிகாரி. 5 கோடி ரூபாய் வரைக்கும் அவர்கிட்டயே கேட்கலாம். இப்படி ஒரு கதவு இருக்கறது பல பேருக்குத் தெரியவே தெரியாது.

அந்தக் கதவைத் தட்டினவர்களில் முன்னோடி நம்ம பக்கத்து மாவட்டம்தான். ஐசிஐசிஐ வங்கியோட தூத்துக்குடிக் கிளையில் கணக்கு வச்சிருந்த, அபுதாபியில் வேலை பார்த்த ஒருத்தர். 2007-ல் வங்கி அனுப்பின மாதிரியே ஒரு ஃபிஷிங் மெயில் வந்து, 6.46 லட்சம் ரூபாய் கணக்குல இருந்து போச்சு. வங்கி, நீங்கதானே பாஸ்வேர்டு குடுத்தீங்கன்னு சொன்னது. தமிழ்நாட்டு ஐ.டி. செயலாளரா இருந்த பி.டபிள்யூ.சி. டேவிதார், 2010 ஏப்ரல் 12 அன்னைக்கு, வங்கி செய்ய வேண்டிய பாதுகாப்பைச் செய்யலன்னு சொல்லி 12.85 லட்சம் ரூபாய் குடுக்க உத்தரவிட்டார். அது 43-ஏ பிரிவு வழக்கு இல்ல, அதுக்கு முந்தின 43-வது பிரிவு வழக்கு. ஆனா கதவு அதேதான். வங்கி அப்பீல் போச்சு. டெல்லி தீர்ப்பாயம் அந்த உத்தரவை உறுதி செஞ்சது 2019-ல்.

ஒன்பது வருஷம்! ஆனா கடைசியில பணம் போனவருக்குப் பணம்ங்கற கொள்கை நின்னுச்சு.

43-ஏ பிரிவுல ரெண்டு பெரிய ஓட்டை. ஒண்ணு, கம்பெனி கவனக்குறைவா இருந்ததை நீங்க நிரூபிக்கணும். சர்வர் லாக் கம்பெனிகிட்ட இருக்கு, பேட்ச் போட்டாங்களா இல்லையான்னு அவங்களுக்குத்தான் தெரியும். எரிஞ்சுபோன அறைக்கு வெளிய நிக்கற அந்த அக்காவோட நிலைமைதான் நமக்கும். ரெண்டு, நஷ்டத்தைக் காட்டணும். வங்கிக் கணக்குல 6.46 லட்சம் குறைஞ்சா காட்டலாம். எனக்கு என்ன நோய்னு ஊருக்குத் தெரிஞ்சுபோச்சுங்கறதை எத்தனை ரூபாய்னு காட்டறது? கல்யாணப் பேச்சு நின்னுபோச்சுன்னா அதுக்கு பில் உண்டா?

ஏஜென்ட் பண்ணினா யார் பொறுப்பு?

இந்த எபிசோடுக்கு முன்னாடி அதிகம் பேர் கேட்டது இதுதான். நான் ஆதாரை ஏஜென்ட் அண்ணனுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினேன், அவர் போன் வழியாப் போனா?

இங்க சட்டம் பழசு, தெளிவானது. 1872 ஒப்பந்தச் சட்டப்படி, ஏஜென்ட் தன் வேலைக்குள்ள செஞ்சது முதலாளி செஞ்ச மாதிரி. 1938 இன்சூரன்ஸ் சட்டத்தோட 42-வது பிரிவு, 2015 திருத்தத்துக்கு அப்புறம் வெளிப்படையாவே சொல்லுது: ஏஜென்ட் செஞ்சதுக்கும் செய்யாம விட்டதுக்கும் கம்பெனி பொறுப்பு, 1 கோடி ரூபாய் வரைக்கும் அபராதம் வரலாம். புரோக்கர் மட்டும் வேற. சட்டப்படி அவர் உங்களுக்காக வேலை செய்யறவர், அதனால அவருக்குத் தனிப் பொறுப்பு உண்டு.

கிளைம் பார்க்கற டிபிஏ, கால் சென்டர், கிளவுட் கம்பெனி இவங்கள்லாம்? பட்டாசு ஆலை உள்குத்தகை மாதிரி நினைச்சுக்கோங்க. லைசென்ஸ் வச்சிருக்கறவர், நான் ஆலைய நடத்தல, குத்தகைக்காரர்தான் நடத்தினார்னு தப்பிக்கக்கூடாது. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இதையேதான் சொல்லுது. வேலையை யார்கிட்ட ஒப்படைச்சிருந்தாலும், அவங்களோட என்ன ஒப்பந்தம் போட்டிருந்தாலும், டேட்டாவை வாங்கின நிறுவனம்தான் பதில் சொல்லணும். இந்த ஒரு இடத்துல புதுச் சட்டம் நல்லாவே இருக்கு.

புதுச் சட்டம்: பணம் எங்க போகுது?

2017 ஆகஸ்ட் 24-ல் புட்டசாமி வழக்குல ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு தீர்ப்பு சொன்னாங்க. அதுக்கப்புறம் நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018-ல் ஒரு மசோதா எழுதுச்சு. அதுல பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கேட்கற உரிமை இருந்துச்சு. 2019 மசோதாவுலயும் இருந்துச்சு. 2022 வரைவுல காணாமப் போச்சு. 2023 ஆகஸ்டில் நிறைவேறின சட்டத்துலயும் இல்ல.

இருக்கறது என்ன? பாதுகாப்பு செய்யத் தவறினா 250 கோடி ரூபாய் வரைக்கும் அபராதம். கேட்க நல்லா இருக்கு. ஆனா 34-வது பிரிவு, அந்தப் பணம் இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகும்னு சொல்லுது. அதாவது அரசாங்கத்துக்கு. டேட்டா போனவருக்கு ஒரு பைசா இல்ல. அதோட, இதே சட்டம் 43-ஏ பிரிவை நீக்குது. விதிகள் 2025 நவம்பரில் வந்தது, 18 மாச அவகாசம். 2027 மே வாக்குல அந்தப் பழைய கதவு மூடிடும். தனிநபர் பொய்ப்புகார் குடுத்தா 10,000 ரூபாய் வரைக்கும் அபராதம்ங்கறதும் இதே சட்டத்துல இருக்கு. அபராதம் கட்டற இடத்துல நமக்கு இடம் உண்டு, இழப்பீடு வாங்கற இடத்துல கிடையாது.

ஸ்டார் ஹெல்த் விஷயத்துல அபராதம் பழைய வழில வந்தது. சைபர் பாதுகாப்பு வழிகாட்டுதல்களை மீறினதுக்கு, 2025-ல் ஐஆர்டிஏஐ 3.39 கோடி ரூபாய் விதிச்சது. ஒரு கணக்குக்குச் சொல்றேன். ஹேக்கர் சொன்ன 3.1 கோடி பேரால வகுத்தா, தலைக்கு ஒரு ரூபாய் ஒன்பது பைசா. சிவகாசித் தீப்பெட்டி 2021 டிசம்பர் 1 முதல் 2 ரூபாய். ஒரு தீப்பெட்டிக்குக்கூட வராது. அந்த ஒரு ரூபாயும் வாடிக்கையாளர் கைக்கு வரல.

அமெரிக்காவில் ஆந்தம்னு ஒரு ஹெல்த் இன்சூரன்ஸ் கம்பெனி. 2015-ல் 7.88 கோடி பேர் டேட்டா போச்சு. அரசுக்கு 1.6 கோடி டாலர் கட்டுச்சு. அது தனி. பாதிக்கப்பட்டவங்க சேர்ந்து போட்ட வழக்குல 11.5 கோடி டாலர் சமரசம். வக்கீல் ஃபீஸ் போக, தலைக்குப் பார்த்தா அதுவும் பெரிய தொகை இல்லதான். ஆனா கடன் மோசடி நடக்குதான்னு கண்காணிக்கற சேவையும், கைக்காசு செலவழிச்சவங்களுக்கு அந்தக் காசும் அந்த மக்களுக்கே போச்சு.

எதிர்வாதம்

என்கூட வேலை பார்க்கற ஒருத்தர் கேட்டார்: கம்பெனியும் பாதிக்கப்பட்டதுதானே? பட்டாசு தானா வெடிக்குது, இங்க ஒரு திருடன் வந்து திருடறான். திருடன் பண்ணினதுக்குக் கம்பெனியைத் தண்டிச்சா, நாளைக்குப் பிரீமியம்தான் ஏறும்.

நியாயமான கேள்வி. எந்தச் சாக்கும் செல்லாதுங்கற 1986 விதியை அப்படியே டேட்டாவுக்குப் போட்டா, சின்ன கம்பெனிகள் தாங்காது. மூணு பேர் சேர்ந்து நடத்தற ஸ்டார்ட்அப்ல நானும் இருந்திருக்கேன், அந்தப் பயம் எனக்குத் தெரியும். ஆனா 1991 சட்டத்தைப் பாருங்க. அது முதலாளியை நேரடியா அடிக்கல. நீ பாலிசி எடு, விபத்து வந்தா அதுலேர்ந்து பாதிக்கப்பட்டவனுக்கு முதல்ல ஒரு தொகை போகட்டும், யார் தப்புன்னு அப்புறம் பேசிக்கலாம்னு சொன்னது. அதாவது, ஆபத்தை முன்கூட்டியே கணக்குப் போட்டுப் பகிர்ந்துக்கறது. இன்சூரன்ஸ் கம்பெனியோட அன்றாடத் தொழிலே அதுதான். நம்ம உயிருக்கும் உடம்புக்கும் விலை போட்டு பாலிசி விக்கறவங்களுக்கு, நம்ம டேட்டாவுக்கு ஒரு பாலிசி போடறது பெரிய கம்பசூத்திரம் இல்ல.

இன்னொண்ணு. செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28-ல் போட்ட உத்தரவுப்படி, சைபர் சம்பவம் தெரிஞ்ச 6 மணி நேரத்துல அரசுக்குச் சொல்லணும். வாடிக்கையாளருக்குச் சொல்லணும்னு அந்த உத்தரவு கேட்கல. புதுச் சட்டம் அதைக் கேட்குது, பாதிக்கப்பட்ட ஒவ்வொருத்தருக்கும் தாமதமில்லாமத் தெரிவிக்கணும்னு. இது நல்ல மாற்றம். ஆனா யோசிச்சுப் பாருங்க: உங்க ரிப்போர்ட் வெளிய போயிடுச்சுன்னு ஒரு எஸ்எம்எஸ் வரும். அதைப் படிச்சுட்டு நீங்க என்ன செய்வீங்க? எங்க போவீங்க?

இப்ப என்ன செய்யலாம்

முதல்ல, ஏஜென்ட்டுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பின ஆவணத்தை, பாலிசி கைக்கு வந்ததும் அழிக்கச் சொல்லுங்க. அவர் தப்பா எடுத்துக்க மாட்டார். "அண்ணே, போன்ல இருக்கற ஆதார் படத்தை அழிச்சுடுங்க, ரெண்டு பக்கமும்"னு சொன்னாப் போதும்.

ரெண்டாவது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019. நம்பிக் குடுத்த தனிப்பட்ட தகவலை வெளிய விடறதை, அந்தச் சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறைப் பட்டியல்ல சேர்த்திருக்கு. திருட்டு நடந்த கேஸ்ல, சேவைக் குறைபாடுன்னும் வாதாடலாம். புதுத் தரவுச் சட்டம் இதை நீக்கல. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல வக்கீல் இல்லாமலும் மனு போடலாம்.

மூணாவது, உண்மையிலேயே பண நஷ்டம் ஆகியிருந்தா, 43-ஏ இன்னும் உயிரோட இருக்கு. 2027 மே வரைக்கும். தூத்துக்குடிக்காரர் ஒருத்தர் தட்டின அந்தக் கதவை மூடறதுக்கு முன்னாடி, ஒரு தடவை தட்டிப் பார்க்கலாம்.

என்னைக் கேட்டா, இழப்பீட்டை மறுபடி சட்டத்துல சேர்க்கச் சொல்லி நம்ம எம்.பி.கிட்டக் கேட்கறதுதான் பெரிய வேலை. புதுசா எதுவும் கண்டுபிடிக்க வேண்டியதில்ல. 1990-லயே சிவகாசி தீப்பெட்டி ஆலைகளுக்காக எழுதின உத்தரவுல, பிரீமியம் கட்ட வேண்டியது யார், பணம் போக வேண்டியது யாருக்குன்னு ரெண்டுமே இருக்கு.

உங்க டேட்டா எங்கயாவது கசிஞ்சு, அதுக்காக நீங்க புகார் குடுத்திருந்தா, என்ன ஆச்சுன்னு எழுதுங்க. பேர் போடாமப் பேசலாம். அடுத்த எபிசோடில் பார்ப்போம்.